அம்மாவைக் கேட்காமல் தீர்மானம் போடலாமா?

(உலக முதியோர் தினத்தை ஒட்டி பீர்க்கன்கரணையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பில் பேசிய பேச்சு. வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)

 

முதலில் ஒரு கேள்வி. நம்ம குழுவுல ஒரு உறுப்பினருக்குக் கடன் வேணும். அவங்க அன்னைக்குக் கூட்டத்துக்கு வரலை. எவ்வளவு வேணும், எதுக்கு வேணும், எத்தனை தவணையில கட்டுவாங்கன்னு நாமளே பேசி, நாமளே தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுடலாமா?

"அது எப்படிங்க, ஆளே இல்லாம எழுதறது?" என்று பின்னால் இருந்து ஒரு அக்கா சொல்கிறார்கள். சரியான பதில். சம்பந்தப்பட்டவர் எதிரில் இருக்க வேண்டும், அவர் வாயால் கேட்க வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். முதல் மாதமே நாம் படித்த பாடம் இது.

இப்போது இரண்டாவது கேள்வி. உங்கள் அம்மாவுக்கோ, அப்பாவுக்கோ, மாமியாருக்கோ வயது 65, 70 ஆகிறது. நாளைக்கு அவர்களால் எழுந்து நடக்க முடியவில்லை என்றால் யார் வீட்டில் இருப்பார்கள்? யார் பார்த்துக்கொள்வார்கள்? செலவு யாருடையது? இதைப் பற்றி உங்கள் வீட்டில் பேசியிருக்கிறீர்களா? பேசியிருந்தால், அந்தப் பேச்சில் அந்தப் பெரியவரும் கூட உட்கார்ந்திருந்தாரா?

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை. எங்களிடமும் இதற்கு ஒரு காலத்தில் பதில் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

நாங்கள் சமூகப்பணி படித்தவர்கள். மனம் விட்டுப் பேசுவது எப்படி என்று வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, மார்க் வாங்கியவர்கள். ஊர் ஊராகப் போய் "குடும்பத்தில் பேசுங்கள்" என்று உங்களுக்குச் சொல்கிறவர்கள். ஆனால் சொந்த வீட்டில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் அப்பா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு குழறிவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "சுகர் இருக்கா? பிபி இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு வெள்ளை மாத்திரைங்க, ராத்திரியில ஒரு சின்ன மாத்திரை" என்றோம். படித்த பிள்ளைகள் சொன்ன பதில் அவ்வளவுதான்.

காப்பீட்டு அட்டை எங்கே என்று தெரியவில்லை. பேங்க்கில் கொஞ்சம் பணம் இருந்தது. அது அப்பா பெயரில் மட்டும் இருந்தது, ஏடிஎம் நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும். நகையை அடகு வைத்து மருந்து வாங்கினோம். அந்த அட்டை மூன்று வாரம் கழித்து, மாட்டியிருந்த தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் கிடைத்தது.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று உண்டு. அப்பாவை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று அண்ணனுக்கும் எங்களுக்கும் பேச்சு முற்றியது. கட்டில் பக்கத்திலேயே நின்று பேசினோம். அப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி எதையோ காட்டினார். தண்ணியா என்றோம், தலையாட்டினார், இல்லை. போர்வையா என்றோம், இல்லை. நான்கு மாதம் இருந்தார். அவர் சொல்ல வந்தது என்ன என்று கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியவே இல்லை.

விழுவதற்கு முந்தின நாள் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தோம்.

ஏன் பேசுவதில்லை?

களத்தில் கேட்டுப் பார்த்ததில் நாலு காரணம் சொல்கிறார்கள்.

ஒன்று, அபசகுனம். "நல்லா இருக்கிறவங்ககிட்ட போய் படுத்துட்டா என்ன பண்றதுன்னு கேக்கறதா?" என்கிறார்கள். சகோதரிகளே, 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே! அதற்குப் பிறகு ஐப்பசி பிறந்தால் ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண் மேல் வைக்கிற வீடுகள் இங்கே நிறைய உண்டு. அப்படி வைப்பதால் வெள்ளம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்றா அர்த்தம்? குழுவில் மாதா மாதம் சேமிப்புக் கட்டுகிறோமே, கஷ்டம் வரட்டும் என்றா கட்டுகிறோம்? வந்தால் தாங்க வேண்டும் என்றுதான் கட்டுகிறோம். இதுவும் அந்த மாதிரி ஒரு சேமிப்புதான்.

இரண்டு, "சொத்துக்கு அடி போடறா" என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயம் நியாயமானது. பதில் பின்னால் வருகிறது.

மூன்று, "நான் கட்டிக் கொடுத்த பொண்ணு. அண்ணன் தம்பி இருக்கும்போது நான் எப்படிக் கேக்கறது?" சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2007ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி. கல்யாணம் ஆன மகளுக்கும் பொறுப்பு உண்டு. பொறுப்பு இருப்பவருக்குப் பேசவும் உரிமை உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் மருமகள் என்ற வார்த்தை இல்லை. நடைமுறையில் கஞ்சி காய்ச்சுவதும், துணி மாற்றுவதும், ராத்திரி எழுந்து பார்ப்பதும் யார்? மருமகள்தான். வேலை முழுக்க மருமகள் தலையில் விழுகிறது, முடிவு எடுக்கும்போது மட்டும் அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிடுகிறோம். இதுவும் ஆளில்லாமல் போட்ட தீர்மானம்தான்.

நான்கு, பெரியவர்களே பேச்சை வெட்டிவிடுகிறார்கள். "எனக்கென்னடி, நான் நல்லாத்தான் இருக்கேன். போய் வேலையப் பாரு." இதைக் கேட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும்.

அவர் காதில் விழுந்த பேச்சு

பெரியவரை விட்டுவிட்டுப் பேசும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறோம். மனசு கஷ்டப்படும், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

தென் மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்று ஒரு கொடுமை இருந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். படுக்கையில் விழுந்த முதியவரின் தலையில் எண்ணெய் வைத்து, குளிரக் குளிர ஊற்றி, உயிரைப் போக்கிவிடுவது. 2010ஆம் வருடம் விருதுநகர் மாவட்டத்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவர், தன் நிலத்தை எப்படிப் பிரிப்பது என்று வீட்டார் பேசிக்கொண்டதைத் தற்செயலாகக் கேட்டார். தனக்கு என்ன நடக்கப் போகிறது என்று புரிந்துகொண்டு, வீட்டைவிட்டு ஓடி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். அதன் பிறகுதான் இந்தக் கொடுமை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அது கொலை, சட்டப்படி குற்றம். அதில் இரண்டாவது பேச்சு கிடையாது.

நம்ம வீடுகள் அப்படிப்பட்ட வீடுகள் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் யோசிப்போம். பக்கத்து அறையில் நாம் தாழ்ந்த குரலில் பேசும்போது, வராந்தாவில் படுத்திருக்கும் அம்மா காதில் என்ன விழுகிறது? அவர்கள் மனசுக்குள் என்ன நினைத்துக்கொள்கிறார்கள்?

அந்த அம்மா கேட்டது என்ன?

இனி நல்ல கதை ஒன்று. நம்ம பகுதியில் நடந்தது. அடையாளம் தெரியக் கூடாது என்று சிலவற்றை மாற்றிச் சொல்கிறோம்.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு குழு உறுப்பினர். கணவர் இல்லை. இரண்டு மகன், ஒரு மகள். மூட்டுவலி அதிகமாகி, ஒரு தடவை தடுமாறி விழுந்தார். பிள்ளைகள் கூடிப் பேசி, பெரியவன் வீட்டில் ஆறு மாதம், சின்னவன் வீட்டில் ஆறு மாதம் என்று முறை வைத்துவிட்டார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. அக்கறையாகத்தான் செய்தார்கள். ஆனால் அந்த அம்மா குழுக் கூட்டத்துக்கு வந்து, "என்னைப் பையோட சேத்துக் கட்டிட்டாங்க" என்று அழுதார்கள்.

ஊக்குநரும் நாங்களும் மகளிடம் பேசினோம். "உங்க அம்மாவுக்கு என்ன வேணும்னு ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு நடுவுல பேசாதீங்க" என்று மட்டும் சொன்னோம். மகள் கேட்டாள். அந்த அம்மா சொன்ன பதில் இதுதான்: "எனக்கு இந்த வீட்டுலயே இருக்கணும். பகல்ல அக்கம்பக்கம் இருக்கு, குழு இருக்கு. ராத்திரிக்குத்தான் பயமா இருக்கு. யாராவது வந்து பக்கத்துல படுத்தாப் போதும்."

அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பேத்தி இப்போது ராத்திரி பாட்டி வீட்டில் படிக்கிறாள், தூங்குகிறாள். மகன்கள் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டுக் கொடுத்தார்கள். இன்னும் சில வருஷம் கழித்து இது போதாமல் போகலாம். அப்போது திரும்பப் பேசுவார்கள். பேசும் வழி திறந்துவிட்டது அல்லவா!

பெரியவர்கள் மலையைக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டு நாம் கேட்காமல் இருக்கிறோம். பல சமயம் அவர்கள் கேட்பது ஒரு கைப்பிடி.

எப்படிப் பேசுவது?

எல்லோரும் கூடியிருக்கும் பொங்கல், தீபாவளி, காதுகுத்து நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். பணச் சண்டை நடந்த வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். கீரை ஆயும்போது, பூ கட்டும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது ஆரம்பியுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் இளகும்.

"உனக்கு முடியாம போனா என்ன பண்றது?" என்று கேட்டால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எம்மா, எதிர்வீட்டுப் பாட்டிக்குத் திடீர்னு முடியாம போச்சே, அவங்க புள்ளைங்க ஒண்ணும் தெரியாம தவிச்சாங்க பாரு. நம்ம வீட்டுல அப்படி ஆச்சுன்னா மொதல்ல யாரைக் கூப்பிடணும்?" மாமியாரிடம் என்றால், "அத்தை, உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா நாங்க தப்பு பண்ண மாட்டோம்" என்று சொல்லுங்கள். அப்பாவிடம், "நாங்க அதைச் செய்யறோம் இதைச் செய்யறோம்" என்று சொல்வதைவிட, "எங்களுக்குத் தெரியலப்பா, நீங்க சொல்லிக் குடுங்க" என்று கேட்பது நல்லது. சொல்லிக் கொடுப்பது அவர்களுக்குப் பழக்கமான இடம். கௌரவமும் குறையாது.

கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டம். "அதெல்லாம் சரிப்படாது" என்று உடனே சொல்லிவிட்டால் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டார்கள். ஒரே நாளில் எல்லாம் முடிக்கவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

கேட்க வேண்டியவை ஐந்து. ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, உடம்பு. என்ன நோய், என்ன மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி, அவசரம் என்றால் யாருக்கு முதல் போன்? மாத்திரை அட்டையைப் பார்த்து அப்படியே எழுதி வையுங்கள்.

இரண்டாவது, காகிதம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், காப்பீட்டு அட்டை, பத்திரம் எல்லாம் எங்கே இருக்கிறது? பேங்க் கணக்கில் நாமினி பெயர் போட்டிருக்கிறதா? யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா?

மூன்றாவது, இடம். முடியாத காலத்தில் எந்த வீட்டில், யாரோடு இருக்க ஆசை? அது முடியாவிட்டால் அடுத்தது எது?

நான்காவது, செலவு. அவர்கள் கையில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் ஆளுக்கு எவ்வளவு தர முடியும்? கூடவே இருந்து பார்ப்பவரின் உழைப்பையும் கணக்கில் சேருங்கள். பணம் அனுப்புகிறவர் மட்டும் செய்கிறவர் இல்லை.

ஐந்தாவது, பிடிக்காதது. இதை யாருமே கேட்பதில்லை. "எது நடந்தா உனக்குத் தாங்காதும்மா?" என்று கேளுங்கள். மகன் குளிப்பாட்டக் கூடாது என்பார் ஒருவர். ஐசியூவில் தனியாகக் கிடக்கக் கூடாது என்பார் ஒருவர். "என் எதிர்ல சண்டை போடாதீங்க" என்பார் இன்னொருவர்.

கடைசியாக, எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மினிட்ஸ் நோட்டில் செய்கிறோமே, அதே மாதிரி. பிறகு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் சொல்லுங்கள். மறைவாக வைத்தால்தான் சந்தேகம் வரும்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். வயதானவர்களில் சிலருக்கு மறதி நோய் வருகிறது. அது முற்றிய பிறகு அவர்களிடம் விருப்பம் கேட்க முடியாது. சுயநினைவு தெளிவாக இல்லாமல் போட்ட கையெழுத்தும் சட்டப்படி நிற்காது.

வீடும் பத்திரமும்

இப்போது அந்தப் பயமான விஷயத்துக்கு வருவோம். தாம்பரம் சுற்று வட்டாரத்தில் ஒரு காலத்தில் கொஞ்சம் பணத்துக்கு வாங்கிப் போட்ட மனை இன்றைக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். 2021ல் பீர்க்கன்கரணை தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஓலை வீடு இருந்த இடத்தில் மாடி வீடு வந்துவிட்டது. பல வீடுகளில் அந்த மனை அம்மா பெயரில், பாட்டி பெயரில் இருக்கிறது. "எழுதிக் குடுத்துடும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்ற பேச்சும் இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் நடந்த வழக்கு ஒன்றைக் கேளுங்கள். ஒரு அம்மாவுக்கு ஒரு மகன், மூன்று மகள்கள். மகனும் மருமகளும் கடைசி வரை பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். பார்த்துக்கொள்ளவில்லை. மகனும் இறந்துவிட்டார். அதன் பிறகு மருமகளும் கைவிட்டார். 87 வயதளவில் அந்த அம்மா ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தார். ஆர்.டி.ஓ. விசாரித்துப் பத்திரத்தை ரத்து செய்தார். மருமகள் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த ரத்து செல்லும் என்று தீர்ப்பளித்தது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படவில்லை என்றாலும், அன்பினால் எழுதிக் கொடுக்கும்போதே அது அதில் அடங்கியிருக்கிறது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

இதற்கு வழி செய்தது அந்த 2007ஆம் வருடத்துச் சட்டத்தின் 23வது பிரிவு. ஆனால் "கோர்ட் பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிடாதீர்கள். பராமரிக்கும் நிபந்தனையோடுதான் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் ஒரு வழக்கில் சொன்னது. பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சொன்னது. வழக்குக்கு வழக்கு மாறும். 87 வயதில் யார் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது?

எனவே மூன்று விஷயம் மனசில் வையுங்கள். செட்டில்மென்ட் பதிவு செய்த உடனே சொத்து கைமாறிவிடும், நினைத்தபோது தன்னிச்சையாகத் திரும்ப எடுக்க முடியாது. உயில் அப்படி இல்லை. அது காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், உயிரோடு தெளிவாக இருக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், சாட்சி இரண்டு பேர் வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. மூன்றாவது, செட்டில்மென்ட்தான் எழுதப் போகிறோம் என்றால், ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல எண்ணம் உள்ள பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

"சொத்துக்கு அடி போடறா" என்ற பயத்துக்கும் இதுதான் பதில். நீங்கள் போய் அம்மாவிடம், "யாருக்கும் அவசரப்பட்டு எழுதிக் குடுத்துடாதம்மா, எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு யாரும் உங்களைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய உதவிகள்

பராமரிப்புக் கேட்டு ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. நம்ம பகுதிக்குத் தாம்பரம் கோட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி உத்தரவிடச் சட்டத்தில் இடம் உண்டு. பெரியவரால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த வேறொருவரோ, ஒரு அமைப்போ அவருக்காக மனு செய்யலாம். கூட்டமைப்பு நிர்வாகிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2011ல் 1,000 ரூபாய் ஆனது, 2023ல் 1,200 ஆக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் மனு போடலாம்.

2021 ஆகஸ்ட்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்பவருக்கு நோய்த் தணிப்புச் சிகிச்சையும், இயன்முறைப் பயிற்சியும் உண்டு. அதில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து வந்த பெண்கள்தான். கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்றே 200 படுக்கையுள்ள அரசு மருத்துவமனை திறக்கப்பட்டது. பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம்.

முதியோர் உதவி எண் 14567. அடி, உதை, பட்டினி, மிரட்டல் இருக்கும் வீட்டில் "உட்கார்ந்து பேசுங்கள்" என்ற அறிவுரை மட்டும் போதாது. இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

கேரளாவில் 1993ல் கோழிக்கோட்டில் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு மலப்புரம் பக்கம் அது அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்கள் கையில் போனது. தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று பார்த்து, வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்கிப் போய் உதவுகிறார்கள். நம்மிடமும் தெருவுக்குத் தெரு குழு இருக்கிறது. வாரம் ஒரு தடவை ஒருவர் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால், பார்த்துக்கொள்ளும் மருமகள் அந்த நேரத்தில் தலைக்குக் குளிப்பாள், கடைக்குப் போய் வருவாள். பணம் இல்லாமல் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கோ மாமியாருக்கோ வரும் உதவித்தொகையை எடுத்துக் குழுத் தவணை கட்டும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. கஷ்டத்தில் செய்கிறோம், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கேட்டு வாங்கினோமா? திருப்பிக் கொடுத்தோமா? உள்கடன் வாங்கினால் எழுதுகிறோம். அந்தப் பணத்தை மட்டும் ஏன் எழுதுவதில்லை?

அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டுப் பெரியவரிடம் ஐந்தில் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்கள். பதிலைக் குழுவில் சொல்ல வேண்டாம், அது உங்கள் வீட்டு விஷயம். "கேட்டேன்" என்று மட்டும் சொன்னால் போதும்.

இது அம்மா அப்பாவுக்கு மட்டும் இல்லை. தர்மபுரியில் குழுக்கள் ஆரம்பித்த 1989ல் 25 வயதில் சேர்ந்த சகோதரிக்கு இன்று 60 தாண்டிவிட்டது. நமக்கும் அந்த வயது வருகிறது. நாளைக்கு நம்ம பிள்ளைகள் நம்மிடம் கேட்க வேண்டும் என்றால், இன்றைக்கு நாம் கேட்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

அப்பா போன பிறகு, ஒரு வருஷம் கழித்து, எங்கள் அம்மாவிடம் கேட்டோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கை நடுங்கத்தான் கேட்டோம். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதைக் கேக்க உனக்கு இவ்வளவு நாளாச்சா?" என்றார்கள். பிறகு வரிசையாகச் சொன்னார்கள், ரொம்ப நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த மாதிரி. எங்கே இருக்க வேண்டும், யாரிடம் எதைக் கொடுக்க வேண்டும், எந்தப் புடவை யாருக்கு என்பது வரைக்கும். நோட்டில் இரண்டு பக்கம் வந்தது. படித்துக் காட்டினோம். "ம், சரியா எழுதியிருக்கே" என்று சொல்லி, கீழே தானே கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் அந்த இரண்டு பக்கம் காத்திருக்கிறது. போய்க் கேளுங்கள்.